ஐம்பது தலை

மின்சார பில்லின் பின்பக்கம்தான் பட்டியல்.
முதலில் ஐம்பத்தேழு என்று எழுதினேன்.
ஈப்போக்காரர்கள் ஏழு பேரும்
அன்றைக்கு வேறு கல்யாணம் என்றார்கள். அடித்தேன்.
ஜொகூரிலிருந்து லோகேஸ்வரி கேட்டாள்,
"சின்னவனை முழுத் தலையாப் பிடிப்பாங்களா, அரைத் தலையா?"
ஆறு வயசுக்குக் கீழே இலவசம்.
ஆனால் உன் மகன் அரைக் கோழி தின்கிறவன்.
இரண்டாவது வரியை அனுப்பாமல் அழித்தேன்.

ஹம்சவேணி கேட்டரிங்
பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
டயர் கடை மாடியில்.
மைலோ கொடுத்தாள்,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள்.
"அம்பதுன்னா தலைக்கு இருபத்திரண்டு வெள்ளி.
ஒண்ணு கொறைஞ்சாலும் இருபத்தஞ்சு.
ஆட்டுக்கறி மட்டும் கேக்காதீங்க."

கோழிப் பெரட்டல், பருப்பு, ரசம்,
நெத்திலி சம்பல், அப்பளம், சேமியா பாயசம்.
பன்னீர் இல்லையா என்றாள் சிங்கப்பூர் குணசீலி.
எங்கள் பக்கம் பன்னீர் என்றால்
வாசலில் நின்று தெளிப்பது.

மாலை போட்டவர்கள் ஐந்து பேர்.
தனிச் சட்டி, தனிக் கரண்டி,
கோழி வாசம் எட்டாத மூலையில் தனி மேசை.
லோகேஸ்வரியின் தங்கையைக் கட்டிய ரிட்சுவான்
தமிழிலேயே குரல் பதிந்து அனுப்பினார்:
"எனக்காக ஒண்ணும் மாத்தாதீங்க அக்கா,
சோறும் ரசமும் போதும்."
ஹம்சவேணியிடம் போட்டுக் காட்டினேன். சிரித்தாள்.
"இருபது வருசமா நம்ம கோழி
சூல் கடையிலதான் வருது.
அவரை நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க."

கோயில் மண்டபத்தில் கறி கூடாது.
பாலாய் ராயா கிடைத்தது,
நூற்றைம்பது வெள்ளி, நாலு விசிறியில் மூன்று ஓடும்.
காற்றுத் திரும்பினால்
செம்பனை ஆலையின் புளித்த வாடை
நேரே இலைக்கு வந்துவிடும்.
சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஆலை நிற்கும்?
முன்பென்றால் வேலிக்கு வெளியே நின்று
ஒரு சத்தம் கொடுத்தால் போதும்,
பத்துப் பேர் பதில் சொல்வார்கள்.
இப்போது வாசலில் நேப்பாளத்துக் காவலர்.
கைபேசியில் ஆறு மணி காட்டிக் கேட்டேன்.
தலையை ஆட்டினார்.
ஆமாமா, இல்லையா,
வீடு வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை ராத்திரி
பெர்த்திலிருந்து தம்பி மனோரஞ்சன்.
"வர முடியாது போல. டிக்கெட் ஏறிப்போச்சு.
எங்க ஆறு பேர் காசை அனுப்பிடறேன்."
டிக்கெட் மூன்று வருடமாக
ஏறிக்கொண்டுதான் இருக்கிறது,
வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாறிய நாளிலிருந்து.

ஐம்பதில் ஆறு போனால் நாற்பத்துநாலு.
நாற்பத்துநாலை இருபத்தைந்தால் பெருக்கினேன்:
ஆயிரத்து நூறு.
ஐம்பதை இருபத்திரண்டால் பெருக்கினேன்:
ஆயிரத்து நூறு.
தப்பாக இருக்கும் என்று விரல் விட்டும் பார்த்தேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும்
ஒரே காசுதான்டா.
தட்டச்சு செய்தேன்.
எப்படிப் படித்தாலும்
வேறு மாதிரிதான் கேட்டது. அழித்தேன்.

"எத்தனைன்னு போடட்டும்?" காலையில் ஹம்சவேணி.
அம்பது.
"ஆள் வராட்டி மிஞ்சிப் போகுமே அக்கா."
மிஞ்சட்டும். ஆறு நாற்காலி சேர்த்துப் போடு.
மாலைக்காரங்க மேசைப் பக்கம் வேண்டாம்.
அவனுக்குக் கோழி வேணும்.

பிறகு தம்பிக்கு ஒரே வரி:
"காசு அனுப்பாதே. சனிக்கிழமை எட்டு மணிக்குச் சாப்பாடு.
அங்கேயும் அப்ப எட்டுதான்."

நீலக் கோடு இரண்டு விழுந்தது.
எழுதுகிறான் என்று காட்டியது,
நின்றது,
மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது.

காத்திருந்த நேரத்தில்
பட்டியலைத் திருப்பிப் பார்த்தேன்.
இந்த மாச மின்சாரத்தை
நான் இன்னும் கட்டவே இல்லை.